அம்மாவின் பலகைகள்

வின்னிபெக், கனடா,
12-1-2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் நலம்தானே. அம்மா பலகையில் போட்ட தஞ்சாவூர்ப் படங்களை ஒரே பெட்டியாகக் கட்டி அடுத்த வாரமே விமானத்தில் போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். காரணத்தை விவரமாக எழுதுகிறேன்.

இந்த ஊர்க் குளிரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய், வறட்சி உனக்குத் தெரியாது. வெளியே மைனஸ் 30 டிகிரி இருக்கும்போது காற்றில் ஈரம் என்பதே கிடையாது. அதை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் வீடு அப்பளமாகக் காய்ந்துவிடும். ஈரம் ஏற்றும் கருவி ஓடினாலும் 25, 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் ஜன்னலின் உள்பக்கம் பனி படர்ந்து, உருகும்போது சட்டம் ஊறிப்போகும். தஞ்சாவூரில் ஐப்பசி மழையில் 80-ஐத் தாண்டிய ஈரத்தில் இருந்த பலகை இங்கே வந்தால் சுருங்கும். அதன் மேலுள்ள மக்கு, அந்தச் சுக்கான்கல் தூளும் கோந்தும் குழைத்த மேடு, கூடவே சுருங்காது. முதலில் மயிரிழை விரிசல் விடும். பிறகு தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, தூக்கிக்கொள்ளும். கடைசியில் பதித்த கல் உதிரும்.

ஆகவே வைகாசிக்குப் பிறகு அனுப்பு. இந்த ஊர்க் கோடையில் வந்து சேர்ந்தால் நாலைந்து மாதம் மெதுவாக உலர அவகாசம் கிடைக்கும்.

பூஜையறையில் இருக்கும் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன் அங்கேயே இருக்கட்டும். அது பாட்டிக்கும் முந்தியது, பலாப்பலகை. ஒரே மரப்பலகை குறுக்குவாட்டில் அதிகம் அசையும். அதோடு, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷப் பழம்பொருள் சட்டம் அனுமதிக்காது. அம்மா போட்ட பதினொன்றும் ப்ளைவுட். அதில் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அசைவு குறைவு. அவற்றில் மூன்று எனக்குப் போதும். ஆனாலும் சுங்கத்தில் பழம்பொருளோ என்று சந்தேகப்படுவார்கள். தொல்லியல் துறையிடம் இது பழம்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிவிடு. வாங்கிய பிறகு பெட்டியை மூடு.

அம்மா பலகை போட ஆரம்பித்தது 52 வயதில். அதற்கு முன்பே அவளுக்கு ஓவியம் என்றால் பெரிய கோயில்தான். உள்சுற்றில் நாயக்கர் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டது 1931-இல். அம்மா பிறந்ததும் அந்த வருஷம். ஜாதகத்தில் எழுதியிருப்பதைப் போல அதைச் சொல்வாள். பூச்சு ஏன் உதிர்கிறது என்று போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக் குளத்தின் கீழ் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததும் அதற்காகத்தான். அங்கே கற்றது கையில் வந்தது. துணி ஒட்டிய பலகையில் மக்கை ஒரே தடவையில் கனமாக அப்பமாட்டாள். மெல்லிசாக ஒரு பூச்சு, நிழலில் முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் மேல்தோல் மட்டும் இறுகி, அடி ஈரமாகவே நிற்கும். நாற்பது வருஷமாகியும் அவளுடைய படங்களில் விரிசல் இல்லை.

கட்டும் முறை: கண்ணாடியைக் கழற்றி அங்கேயே வைத்துக்கொள். உடைந்தால் சில்லு தங்கத்தைக் கீறும். இங்கே அக்ரிலிக் போட்டுக்கொள்கிறேன். கண்ணாடி இருந்த இடத்தில் அதே அளவு கெட்டி அட்டையை வை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிப் பட்டையை எடுத்துவிடாதே, அட்டை கல்லில் படக்கூடாது. குமிழ் பிளாஸ்டிக்கைப் படத்தின் முகத்தில் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும். சட்டத்தின் நான்கு மூலையையும் ஸ்பாஞ்சில் பிடித்து நிறுத்தினால் போதும். பெட்டிக்குச் சாதா மரம் போட்டால் பூச்சி சாக வெப்பமூட்டியதற்கான முத்திரை கேட்பார்கள். உள்சட்டம் உட்பட முழுக்க ப்ளைவுட்டில் செய்யச் சொல். பெட்டி வந்ததும் இரண்டு நாள் திறக்கமாட்டேன். லாரிச் சூட்டிலிருந்து நேரே குளிர்ந்த வீட்டுக்குள் வந்து உடைத்தால் சூடும் ஈரமும் சட்டென்று மாறும், பலகைக்கு ஆகாது.

இங்கே அவற்றை உள்சுவரில்தான் மாட்ட வேண்டும். வெளிச்சுவர் சில்லிட்டிருக்கும், தரையில் வெப்பக்காற்று வரும் வாய்க்கு மேலே மாட்டினாலோ கேடு. பின்பக்கத்தை அட்டையால் முழுக்க மூடி ஒட்டுவேன், ஈரம் சட்டென்று மாறாது. நீ இதைப் பார்த்து அங்கே அப்படிச் செய்துவிடாதே. நம் ஊரில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் நாலு மூலையிலும் தக்கை வைத்துக் காற்றோட்டம் விடு. ஈரத்துணியால் துடைக்காதே. மெல்லிய பிரஷ் போதும்.

அம்மாவின் கைலாச யாத்திரை நோட்டு விஷயம் இதைவிட அவசரம். 1988-இல், 57 வயதில், இமயமலையின் லிபுலேக் கணவாய் ஏறிப் போனவள் பேனா எடுத்துப் போகவில்லை. உயரத்தில் மை கசியும் என்று பென்சில் மட்டும்தான். 5,600 மீட்டருக்கும் மேலே கைலாசத்தைச் சுற்றும் வழியிலுள்ள டோல்மா கணவாயில் கிறுக்கிய பாறைக்கோடுகள் அதில் இருக்கின்றன. பென்சில் தேய்ந்தால் போயிற்று. தாளுக்கு இடையில் வெண்ணெய்க் காகிதம் வை. துருப்பிடித்த பின்னைக் கழற்று. கடையில் லாமினேட் செய்து தருகிறேன் என்பார்கள், கொடுக்கவே கொடுக்காதே. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்க முடியாது. அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் எடு. கோல நோட்டுகளுக்கு 300 போதும். ராமபாணப் பூச்சி வராமலிருக்க வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடு.

மார்கழியில் இங்கே எட்டு இருபதைத் தாண்டித்தான் விடியும், சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். 74 வயதில் அந்த இருட்டுக்குள் வந்த அம்மா, உறைந்த ரெட் ஆற்றின் மேல் நடந்தாள். வின்னிபெக் ஓவியக் கூடத்தில் வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களின் கல் கரடியைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்த உளியால் இந்த மழமழப்பு வந்தது என்று கேட்டாள்.

ஒவ்வொரு பலகையின் பின்னாலும், ஓரத்தில், பென்சிலால் மட்டும், போட்ட வருஷத்தை எழுது. பால்பாயிண்ட் வேண்டாம். நடராஜர் படம் எந்த வருஷம் போட்டது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சித்தியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா