'வெறும் சிஎஸ்எஸ்' பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

"நான் பார்ப்பது வெறும் சிஎஸ்எஸ்தானேப்பா, வலைப்பக்கத்தின் எழுத்து, நிறம், இடைவெளி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிற வேலை, கூட இருக்கிறவர்கள் அதை புரோகிராமிங் என்றே ஒத்துக்கொள்வதில்லை" என்று போனில் சொன்னாய். வேறு டீமுக்கு மாறப்போவதாகவும் சொன்னாய். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ சோறு தின்கிற தொழிலைத் தொடங்கிவைத்த ஹோக்கன் வியூம் லீயைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும்? நார்வேக்காரர். எம்ஐடி மீடியா லேபில் படித்துவிட்டு, ஜெனீவா பக்கம் இருக்கும் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கிய அதே இடம். ஒரு பக்கம் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிறவர் சொல்ல அப்போது சரியான வழி இல்லை. 1994 அக்டோபர் 10ஆம் தேதி இவர் அதற்கு ஒரு யோசனையை வெளியிட்டார், அதுதான் சிஎஸ்எஸ். மூன்றே நாளில் நெட்ஸ்கேப் தன் முதல் பிரவுசரை அறிவித்தது.

அந்த முதல் வரைவில் ஒன்றைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு தலைப்புக்கு 24 பாயின்ட், பக்கத்திலேயே 100%. அடுத்த தலைப்புக்கு 20 பாயின்ட், 40%. இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு இவ்வளவு எடை கொடு, மிச்சம் வாசிக்கிறவர் இஷ்டம் என்று அர்த்தமாம். நம் டிடிபி கடையில் தாய்மாமன் பெயர் எத்தனை பாயின்ட், பெரியப்பா பெயர் எத்தனை பாயின்ட் என்று கல்யாணப் பத்திரிகைக்கு நடந்த சண்டைகளை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. அங்கேயும் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் எனக்குப் பாதித் தலைவலி மிச்சம். அந்தச் சதவீதக் கணக்கு பின்னால் போய்விட்டது. ஆனால் எழுதுகிறவர், வாசிக்கிறவர் இரண்டு பேருக்கும் பேச்சுரிமை உண்டு என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்புறம் இந்த வேலையில் லீயோடு பெர்ட் பாஸ் என்பவரும் சேர்ந்தார். 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ், எல்லா பிரவுசரும் பின்பற்ற வேண்டிய பொதுத் தரமாக அறிவிக்கப்பட்டது. இத்தோடு லீ வேறு வேலைக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பிரவுசர்கள் ஆளுக்கொரு விதமாகப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. லீ 1999இல் ஓபரா என்ற பிரவுசர் நிறுவனத்தில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாகச் சேர்ந்து அதே விஷயத்துக்காகத்தான் மல்லுக்கட்டினார். 2005இல் வந்த ஆசிட்2 சோதனைக்குப் பின்னாலும் அவர் இருந்தார். பிரவுசர் விதிப்படி நடந்தால் திரையில் ஒரு சிரிக்கும் முகம் வரும், இல்லாவிட்டால் அலங்கோலம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒழுங்காகச் சிரிக்க எட்டாவது பதிப்பு வர வேண்டியிருந்தது. தரம் ஒன்றாக இருந்தால் ஓபரா மாதிரி சின்னக் கம்பெனிக்கு லாபம் என்பதும் உண்மைதான். இருக்கட்டுமே, ஊருக்கும் நல்லது நடந்தது. 2006இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். தலைப்பு? அதே சிஎஸ்எஸ்!

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. ஃபிளாப்பியில் ஒருவர் மேட்டர் கொண்டுவருவார். அவருடைய தமிழ் ஃபாண்ட் நம்மிடம் இருக்காது. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். வலையிலும் அதே கதைதான், ஒவ்வொரு பத்திரிகையின் தளத்தைப் படிக்கவும் ஒரு ஃபாண்ட் இறக்க வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக யூனிகோடு வந்து பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிக்கு வழி 1998ஆம் வருஷத்து சிஎஸ்எஸ்2இலேயே, அதாவது அதன் இரண்டாம் பதிப்பிலேயே இருந்தது: பக்கத்தோடு ஃபாண்டையும் அனுப்பலாம். பிரவுசர்கள்தான் பல வருஷம் இழுத்தடித்தன. கம்ப்யூட்டரில் எல்லோரும் போடுகிற சாதாரண ட்ரூடைப் ஃபாண்டையே நேராக எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2006, 2007 வாக்கில் வலியுறுத்தி எழுதியவர்களில் லீயும் ஒருவர். நீ இன்று ஒரு வரியில் தமிழ் ஃபாண்டை வரவழைக்கிறாயே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை இழுபறி.

வேலை அலுத்துப்போய் மாறுகிறாய் என்றால் தாராளமாக மாறு. கேன்டீனில் நாலு பேர் கிண்டல் செய்கிறார்கள் என்பதற்காக மாறுவதாக இருந்தால் எனக்குச் சம்மதமில்லை. எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கம்பெனி தளத்தின் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தேன். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே விட்டிருக்கிறீர்கள். 'கூ', 'ழு' எல்லாம் கீழே இறங்கி, அடுத்த வரியில் இருக்கும் 'கி', 'றி' கொக்கியில் இடிக்கிறது. அந்த லைன் ஹைட்டைக் கொஞ்சம் ஏற்று. மாற்றியதும் போன் செய், மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
அப்பா