உயிர்வேலி: வெட்டினால் கீரை, விட்டால் காய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயிர்வேலிக்கு ஏற்ற செடிகள் என்று உங்கள் தோட்டப் பகுதியில் ஒரு பட்டியல் வந்திருந்தது. கிளுவை, களா, கொடுக்காப்புளி, முருங்கை, அகத்தி, தவசிக்கீரை எல்லாமே நம் ஊரில் நன்றாக வருபவைதான். ஆனால் அத்தனையையும் ஒரே வரிசையில் கலந்து நட்டு, மாதம் ஒருமுறை கத்தரித்துவிடச் சொல்லியிருப்பது இடிக்கிறது. அப்படிச் செய்தால் களாவில் காய் பிடிக்காது, அகத்தி செத்துப்போகும், வேலியில் அங்கங்கே ஆடு நுழைய வழி கிடைக்கும்.

எந்தச் செடி என்று பார்க்குமுன் அதை எப்போது, எவ்வளவு வெட்டப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். கீரைச் செடிக்கு வெட்டுதான் அறுவடை. பழச் செடிக்குத் தப்பான மாதத்தில் வைக்கும் ஒரு வெட்டு, அந்த ஆண்டுக் காயையே எடுத்துவிடும்.

களாவைப் பாருங்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். தை, மாசியில் 'அழகாக இருக்கட்டும்' என்று நுனியைக் கத்தரித்தால் ஊறுகாய்க்குக் கடையில்தான் வாங்க வேண்டும். பறிப்பு முடிந்தபின், ஆவணி வாக்கில் ஆண்டுக்கு ஒரே வெட்டு போதும். இரண்டடிக்கு ஒரு கன்று, ஒற்றை வரிசை. நூறடி வேலிக்கு ஐம்பது கன்று. பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதையைத் தாமதிக்காமல் போட வேண்டும், வைத்திருந்தால் முளைப்பு குறைந்துவிடும். விதைக் கன்று காய்க்க மூன்று ஆண்டு ஆகும். கவை முள் இருப்பதால், அடர்ந்துவிட்டால் மாடுகூட முட்டாது.

கொடுக்காப்புளியை வேலி உயரத்துக்கு வெட்டிக்கொண்டே இருந்தால் முள்ளும் இலையும் மட்டும்தான் மிஞ்சும். காய் வேண்டுமானால் மூலைக்கு ஒன்றை மரமாக விட்டுவிட வேண்டும். நடுவில் விட்டால் அதன் நிழலில் கீழே உள்ள வேலி மெலிந்து ஓட்டை விழும்.

கீரை வேலியில் இந்தக் கவலை இல்லை. தவசிக்கீரை, சண்டிக்கீரை, கல்யாண முருங்கை மூன்றும் போத்திலேயே, அதாவது வெட்டி நடும் கிளைத் துண்டிலேயே வரும். தவசிக்கீரைக்கு ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு உள்ள தண்டு போதும். ஓரடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில், ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசைச் செடி வரும்படி நட வேண்டும்; நூறடிக்கு இருநூறு தண்டு. நாள் முழுக்க வெயில் அறையும் பக்கத்தில் இலை வெளுக்கும், அரை நிழலில்தான் கொழிக்கும். மூன்றடி உயரத்தில் வெட்டி வந்தால் பக்கத்துளிர் நிற்காது. நர்சரியில் வாங்கும்போது பெயரில் கவனம் வேண்டும்: தவசுமுருங்கை என்பது வேறு செடி.

தவசிக்கீரையைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் எழுதியிருக்கலாம். 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிய வேண்டும் என்று இதைப் பச்சையாக அரைத்து, சாறாக நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் தழும்பேறி, மூச்சுவிட முடியாமல் போனது. வாரத்தில் ஒரு நாள் பொரியலாகவோ கூட்டாகவோ வேகவைத்துச் சாப்பிடுவது வேறு சங்கதி. 'மல்டிவைட்டமின் கீரை' என்ற பெயரைக் கேட்டு மிக்சியில் போடுவதுதான் ஆபத்து.

இப்போது பரவிவரும் சாயா கீரைக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. போத்து நட்டால் தழைத்து வரும், வேலிக்கு நல்லது. ஆனால் பச்சை இலையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. பாத்திரத்தை மூடாமல் பதினைந்து நிமிடமாவது கொதிக்கவிட்டால் அது ஆவியோடு போய்விடும். நச்சுக்கொட்டைக் கீரை என்கிற சண்டிக்கீரைக்கோ பெயரில்தான் நஞ்சு. பாவம், அதை விட்டுவிட்டுச் சாயாவைப் பச்சையாக அரைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாண முருங்கை அடைக்கும் வடைக்கும் ஆகும், முள்ளும் உண்டு. போத்தை வெட்டிய அன்றே ஈர மண்ணில் நட்டால் அடி அழுகும். சில நாள் நிழலில் கிடந்து வெட்டுவாய் காய வேண்டும். இலையிலும் காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது குளவி இனப் பூச்சியின் வேலை. இருபது ஆண்டுகளாகத் தென்னிந்தியாவில் இருக்கிறது. அந்தக் கிளைகளை வெட்டி எரிப்பதே வழி, செடியருகே போட்டால் மறுபடி தொற்றும்.

முருங்கையையும் அகத்தியையும் வேலியின் முதுகெலும்பாக நம்பக் கூடாது. முருங்கைக் கிளை காற்றில் ஒடியும். மழைக்காலத்தில் தண்டில் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சி வாசல் ஓரம் இருந்தால் பெரும் தொல்லை. அகத்தியைத் தாழ்வாகத் திரும்பத் திரும்ப வெட்டினால் தாங்காது. இரண்டையும் வேலிக்கு உள்பக்கம் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆட்டை எது தடுக்கும்? சாலைப்பக்கம் முள் வரிசை, வீட்டுப்பக்கம் கீரை வரிசை, இடையே மூன்றடி. இதுதான் நிற்கும். கொங்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றியிருக்கும் கிளுவை, மழை குறைந்த இடத்துக்கு இன்றும் முதல் தேர்வு. நான்கைந்து அடிப் போத்தை ஓரடி ஆழத்தில், அரையடிக்கு ஒன்றாக, ஒன்றை இடமும் அடுத்ததை வலமும் சாய்த்து நட்டு, குறுக்கே ஒரு கழி வைத்துக் கட்ட வேண்டும். நுனி எது, அடி எது என்று பார்த்து நட வேண்டும். ஆள் விட்டு நடும்போது தலைகீழாகப் போவது சகஜம். கோடையில் இலை உதிர்ந்து காய்ந்தது போல் நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு மட்டும் இது ஆகாது.

முள் பிடிக்காதவர்கள் ஆடாதொடை, நொச்சி வைக்கலாம். ஆடு வாய் வைக்காது, இரண்டும் மருந்துக்கு ஆகும். மாடு தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் தாங்காது.

எந்தச் செடியானாலும் முதல் ஆண்டுதான் கண்டம். கன்றைச் சுற்றி வெட்டிய முள் போட வேண்டும். சீமைக்கருவேல் முள்ளானால் நெற்று இல்லாத கிளையாகப் பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வேலிக்குள் அந்த வேலிகாத்தானே (சீமைக்கருவேலின் இன்னொரு பெயர்) முளைக்கும். முள் வரிசைக் கன்று ஒன்றரை அடி வளர்ந்ததும் ஓரடிக்கு வெட்ட மனம் வராது. வெட்டாவிட்டால் கன்று ஒற்றைத் தண்டாக ஓங்கி, அடியில் கோழி புகும் அளவு வெறுமையாகும். பிறகு எத்தனை முறை மேலே வெட்டினாலும் அடி அடையாது. வெட்டும் வடிவமும் அடி அகன்று மேல் குறுகியதாக இருக்க வேண்டும். மேல் அகன்றால் அடி இலைக்கு வெயில் எட்டாது.

கோவைக்கொடி ஏற்றலாம், ஆனால் பதினைந்து அடிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், வேலியை மூடி அமுக்கிவிடும். பறவை போட்டு முளைத்த கொடி ஆண் கொடியாக இருந்தால் காய் கிடைக்காது. காய்க்கும் கொடியிலிருந்து தண்டு வெட்டி நடுங்கள்.

உண்ணும் வேலியில் அரளியோ காட்டாமணக்கோ ஒரு செடிகூடக் கலக்கக் கூடாது. காட்டாமணக்கு விதையைக் கடலை என்று தின்று வாந்தியெடுக்கும் குழந்தைகள் எந்த ஊரிலும் உண்டு. விதையில் நஞ்சுள்ள, தானாக ஏறும் குன்றிமணிக் கொடியையும் காய்க்குமுன் வேரோடு எடுத்துவிட வேண்டும். கீரை வரிசையிலும் சாலையைப் பார்த்த பக்கத்துத் தழையை எருவுக்கு விட்டுவிட்டு, உள்பக்கம், முழங்காலுக்கு மேலே இருப்பதை மட்டும் சமையலுக்குப் பறியுங்கள். கீழே இருப்பது தெரு நாய்களின் எல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கயம்.