குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, குப்பை வண்டி தொடர்பான மனுக்களின் நிலை தகவல் பலகையில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பைப் பெரிதும் கேட்டவை டெங்குவும் சூரிய மின்சாரமும். இரண்டுமே மொட்டைமாடி விவகாரங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் காய்ச்சல் பரவியது. சங்கக் கட்டடத்தில் காலைதோறும் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சி வழங்கினோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கும் சேர்ந்த பொடி அது. கசப்புக்கு முகம் சுளித்த பிள்ளைகளைக் கருப்பட்டித் துண்டு காட்டிக் குடிக்கவைத்த தாய்மார்களுக்குச் சங்கத்தின் நன்றி.

ஆனால் கஷாயம் குடித்தாயிற்று என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து. அடுத்த ஒன்றிரண்டு நாளில் தீராத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அவை கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாற்றை மட்டுமே நம்பிப் படுத்திருந்த உறுப்பினர் ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அவர் நலமாகத் திரும்பி இன்று நம்மோடு அமர்ந்திருப்பது எனக்குப் பெரும் நிம்மதி.

சங்கக் கட்டட மாடியில் 5 கிலோவாட் சூரியத் தகடுகள் பொருத்தியுள்ளோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீடுகளுக்கு 3 கிலோவாட் அமைத்தால் 78,000 ரூபாய். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும் என்பதால் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் பகலிலேயே ஓட்டுகிறோம்.

தகடுகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே குறைத்துவிடும். தென்னையை வெட்டச் சிலர் சொன்னார்கள். காய்க்கிற மரத்தை வெட்ட மனம் வராமல், அதன் நிழல் படாதபடி தகடுகளின் தாங்கியைக் கிழக்கே நகர்த்தினோம். மின்தடையில் சோலார் ஏன் ஓடவில்லை என்று பலரும் கேட்டீர்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு இது. கம்பியில் வேலை செய்யும் ஊழியர்மீது மின்சாரம் பாயாதிருக்க, அது தானாகவே நின்றுவிடும். அவர் உயிரைவிட நம் மின்விசிறி பெரிதல்ல.

தகடு கழுவிய தண்ணீர் தாங்கியின் அடியில் தேங்கியிருந்ததை மாணவர்கள் குனிந்து பார்த்தபோது, அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்குக் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரில்தான் பெருகும். முட்டை கொசுவாகப் பறக்கப் பத்து நாள்கூட ஆகாது. அங்கே சிமென்ட் பூசி, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தாயிற்று. ஞாயிறுதோறும் மாடிகளைப் பார்வையிடும் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கு வலை மூடி, சங்கக் கட்டடத்துக்குப் பேட்டரி ஆகிய இரு தீர்மானங்களும் தங்கள் முன் உள்ளன. நிதி ஒன்றுக்கே போதுமானால் வலை மூடியை முதலில் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கைக்குப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

செயலாளர்