தண்ணீர் போகும் வழியில் நடக்கலாம், வா

பெஸியே, பிரான்ஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை போய்வருகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. தங்கச்சியை ரொம்ப விசாரித்ததாகச் சொல். "தினமும் நடங்க, ஆனா மேடு பள்ளம் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார் என அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். அலுத்துக்கொள்ளாதே. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரே மட்டத்தில் போகும் பாதை ஒன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. செப்டம்பரில் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள்.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை பிடித்திருக்கிறது. பேத்தி இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பாடுகிற தெற்கத்திப் பேச்சில் பேசுகிறாள். பாரிஸ் குளிரை விட்டு வந்ததில் எனக்கு இருமலும் குறைந்திருக்கிறது. மதியத் தூக்கம் போய், காலை நடை வந்துவிட்டது.

"ஒயின் குடிக்காதவனுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயின் கிடங்காகப் போய்ச் சுவைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த மண்ணைப் புரிந்துகொள்ள அது வழியில்லை என்பது என் எண்ணம். இங்கே தண்ணீர் எங்கே நின்றது, எங்கே வடிந்தது, யார் அதைத் திருப்பிவிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். திராட்சை அதற்குப் பிறகு வந்த கதை. பி.டபிள்யூ.டி.யில் ஏரியும் மதகுமாகவே வாழ்ந்தவன் நீ. நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை நீ வந்த அன்றே கண்டுபிடித்துவிடுவாய்.

பாரிஸிலிருந்து ரயில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே பூங்கா. அதன் வழியே மெதுவாக ஏறினால், மேலே மரங்கள் அடர்ந்த நீண்ட திடல். அதன் பெயர் அலே போல் ரிக்கே. நடுவில், இங்கத்துக் கால்வாயைக் கட்டிய போல் ரிக்கேயின் சிலை நிற்கிறது, 1838-இல் வைத்தது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே பூச்சந்தை கூடும். தங்கச்சி அங்கேயே நின்றுவிடுவாள் என்று இப்போதே தெரிகிறது.

பழைய ஊருக்குள் ஒரு காலைப்பொழுது போதும். குன்றின் விளிம்பில் சேன் நாசேர் பேராலயம், கீழே ஓர்ப் ஆறு, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம். அந்தத் திண்ணைச் சுவரில் சாய்ந்து நின்று பார்க்கும்போது ஊர் எவ்வளவு அழகு என்று தோன்றும். ஆனால் 1209 ஜூலை 22 அன்று நடந்ததைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். கத்தார் என்ற சமயப் பிரிவினரை ஒழிக்க வந்த சிலுவைப் படை ஊரைச் சூழ்ந்துகொண்டு, அவர்களைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டது. ஊரிலிருந்த கத்தோலிக்கர்களும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள். கோட்டை விழுந்தது. மதலேன் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களையும் விடவில்லை. ஏறக்குறைய 20,000 பேர் கொல்லப்பட்டதாக, படையோடு வந்த போப்பின் தூதரே எழுதி அனுப்பினார். அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுக்காத ஊர் இது. அந்த மதலேன் கோயில் இன்னும் நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன்.

அங்கிருந்து கீழே இறங்கிப் பழைய பாலத்தைக் கடந்தால், அந்தக் கரையில் கொஞ்ச தூரத்தில் ஃபோன்செரான், ரிக்கேயின் கால்வாயில் படகு ஏறி இறங்கும் இடம். நீ பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ரிக்கே இதே ஊரில் பிறந்தவர். உப்பு வரி வசூலிக்கும் வேலையில் பணம் சேர்த்தார். அட்லாண்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் கால்வாயால் இணைக்க வேண்டும் என்று கிளம்பினார். 1666-இல் அரசாணை கிடைத்தது. 240 கிலோமீட்டர் நீளம். தன் சொத்தையும் அதில் கொட்டி, கடனும் பட்டு, 1680-இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு கால்வாய் திறந்தது. அதுதான் கனால் து மிதி.

ஃபோன்செரானில் படகு ஒரு குன்றின் மேல் ஏறவேண்டும், அல்லது இறங்க வேண்டும். 21 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். அதற்காக எட்டுத் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் படிக்கட்டாகக் கட்டியிருக்கிறார்கள், ஒன்பது ஜோடிக் கதவுகளோடு. ஒரு படகு உள்ளே வந்ததும் பின்னால் கதவு மூடும். மேல் தொட்டியின் மடையைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். படகில் இருப்பவர்கள் கயிற்றைக் கரையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். சுவரில் ஈரப்பாசி படிந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, படகின் கூரை நம் கால் மட்டத்துக்கு வந்து, பிறகு ஆட்கள் தலை தெரிந்து, கடைசியில் நேருக்கு நேர் நின்று "போன்ழூர்" சொல்வார்கள். பம்பு இல்லை, தூக்கும் எந்திரம் இல்லை. தண்ணீரின் எடை மட்டும்தான்.

தொட்டிகளின் சுவர் நேராக இல்லாமல் வெளிப்பக்கம் வளைந்து முட்டை வடிவில் இருப்பதைக் கவனி. தொடக்கத்தில் நேராகக் கட்டிய சுவர் மண்ணின் அழுத்தத்தில் சரிந்துவிட்டது. அதனால் படுக்கவைத்த ஆர்ச்சு மாதிரி வளைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே 1983-இல் கட்டிய ஒரு பெரிய எந்திரச் சரிவும் இருக்கிறது. படகைத் தண்ணீரோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு மேலேற்றுவதற்காகச் செய்தது. அது பல ஆண்டுகளாக ஓடவில்லை. 17-ஆம் நூற்றாண்டுத் தொட்டிகளில் இன்றைக்கும் படகு ஏறிக்கொண்டிருக்கிறது.

முன்பு படகுகள் எட்டுத் தொட்டியும் இறங்கி, ஓர்ப் ஆற்றுக்குள்ளேயே புகுந்து அக்கரை போக வேண்டும். வெள்ளம் வந்தால் நாள்கணக்கில் காத்திருப்பு, சில நேரம் விபத்து. 1858-இல் ஆற்றின் மேலே பாலம் கட்டி, அந்தப் பாலத்தின் மேல் கால்வாயை ஓடவிட்டார்கள். ஆறு கீழே, படகு மேலே. அதன் ஓரத்தில் நடக்கலாம். உன் முழங்காலுக்கு ஒரு தொந்தரவும் வராது.

சரி, உன் பாதைக்கு வருகிறேன். ஃபோன்செரானின் மேல்படியிலிருந்து மேற்கே, 54 கிலோமீட்டருக்குப் படகை ஏற்றி இறக்கும் தொட்டி (லாக்) ஒன்றுகூடக் கிடையாது. ரிக்கே கான்டூர், அதாவது ஒரே உயரத்தில் போகும் கோட்டைப் பிடித்தே போயிருக்கிறார். குன்று குறுக்கே வந்தால் சுற்றுகிறது, ஓடை வந்தால் வளைகிறது, மட்டம் மட்டும் மாறவே இல்லை. முன்பு குதிரைகள் படகை இழுத்துப் போன கரைதான் இப்போது நடைபாதை. கொலொம்பியே என்ற சிற்றூர் வரை மெதுவாகப் போய், துறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். காலையிலேயே கிளம்பினால் வெயிலுக்கு முன் வந்துவிடலாம்.

நிழலைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புகைப்படங்களில் இரண்டு பக்கமும் பிளேன் என்ற நிழல் மரங்கள் கைகோத்து நிற்பதைப் பார்த்திருப்பாய். கால்வாய் நெடுக அப்படி 42,000 மரங்கள் இருந்தன. 2006-இல் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. மருந்து கிடையாது. தண்ணீர் வழியாகவும், படகுக் கயிறு உரசும் வேர் வழியாகவும் பரவியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் மரப்பெட்டிகளோடு இந்த நோய் பிரான்சுக்குள் வந்தது என்று சொல்கிறார்கள். ஆயிரமாயிரமாக வெட்டிவிட்டார்கள். சில இடங்களில் கரை மொட்டையாக, இடுப்பளவு அடிமரங்களோடு கிடக்கிறது. பக்கத்தில் வேறு வகை மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். அவை நிழல் தரும்போது நானும் நீயும் இருக்கமாட்டோம், ஆனாலும் ஒவ்வொரு கன்றும் துளிர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் நான் போகிறேன்.

கொலொம்பியேவைத் தாண்டிப் போனால் மல்பாஸ். அங்கே ஒரு குன்றைச் சுற்ற முடியாமல், ரிக்கே குடைந்துவிட்டார். பொடிந்து விழும் பாறை, இது நடக்காது என்று எதிரிகள் சொன்னார்கள், மேலிடம் வேலையை நிறுத்தச் சொன்னது, அதற்குள் ஆளை வைத்துச் சில நாளில் துளைத்துவிட்டார் என்று கதை. ஐரோப்பாவில் படகு போகும் கால்வாய்க்காகக் குடைந்த முதல் சுரங்கம் அது. அதே குன்றின் அடியில் 19-ஆம் நூற்றாண்டில் ரயிலுக்கு ஒரு சுரங்கம் போட்டார்கள். அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது, மூன்றிலும் மூத்தது. அதற்காகத்தான் உன்னை அந்தக் குன்றின் மேல் அழைத்துப் போகப் போகிறேன். கவலைப்படாதே, மேலே வரை கார் போகும்.

குன்றின் பெயர் ஆன்செரூன். கிறிஸ்து பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே அங்கே ஊர் இருந்திருக்கிறது. தானியம் சேமிக்கப் பாறையில் வெட்டிய குழிகளை இன்றும் பார்க்கலாம். கிரேக்கப் பானைகள் கிடைத்திருக்கின்றன, அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ரோமானியர்கள் போட்ட தொமீசியா சாலையும் இந்தப் பக்கமாகத்தான் போனது. அதெல்லாம் சரி. நீ வடக்கே திரும்பிக் கீழே பார். ஒரு பெரிய வண்டிச் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்தது போல வயல்கள், நடுவிலிருந்து ஆரங்களாகப் பிரிந்து கிடக்கும். அதுதான் மோந்தாடி.

அங்கே ஏரி இருந்தது. ஏரி என்பதைவிடச் சேறும் கொசுவும் நிறைந்த தேக்கம். 1247-இல் அதை வடிக்கத் தொடங்கினார்கள். சுற்றிலுமிருந்து வாய்க்கால்கள் நடுப்புள்ளிக்கு வரும்படி வெட்டி, அங்கே சேரும் தண்ணீரை ஒரே வடிகாலில் கொண்டுபோய், இந்தக் குன்றுக்கு அடியில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் குடைந்து அந்தப் பக்கம் விட்டுவிட்டார்கள். 400 ஹெக்டேருக்கு மேல் நிலம் கிடைத்தது. அந்த வடிகால் இன்னும் வேலை செய்கிறது. நில உரிமையாளர்கள் சங்கம் வைத்துப் பராமரிக்கிறார்கள். மட்டம் பார்க்க அந்தக் காலத்தில் என்ன கருவி வைத்திருந்தார்கள், எப்படி இருட்டில் சரிவு தவறாமல் வெட்டினார்கள் என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ வந்து எனக்கு விளக்க வேண்டும்.

இந்தத் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது மனதில் கிடப்பது அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலோக்ஸெரா என்ற பூச்சி வேரைத் தின்று பிரான்சின் திராட்சையை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுப்போட்டு மீண்டும் பயிரிட்டார்கள். இந்தச் சமவெளியில் அதிக விளைச்சல் தரும் அரமோன் என்ற ரகத்தை எங்கும் நட்டார்கள். ஒயின் பெருகியது, சர்க்கரை கலந்த போலி ஒயினும் சந்தைக்கு வந்தது, விலை படுத்துவிட்டது. 1907 மார்ச்சில் அர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 விவசாயிகள் நர்போனுக்கு நடந்தார்கள். முன்னால் நின்றவர் மர்ஸ்லான் அல்பேர், ஊரில் காப்பிக்கடை வைத்திருந்த சின்ன விவசாயி. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஓர் ஊரில் கூட்டம். ஜூனில் மோன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடினார்கள். நர்போனில் ராணுவம் சுட்டு உயிர்கள் போயின. செய்தி கேட்டு, இந்தப் பகுதிப் பிள்ளைகள் நிறைந்த 17-ஆவது படைப்பிரிவு ஆக்திலிருந்து ஆயுதத்தோடு இரவெல்லாம் நடந்து பெஸியேவுக்கு வந்துவிட்டது. தங்கள் அப்பன் அண்ணன்மேல் சுடமாட்டோம் என்று. உங்களுக்குப் பூச்சந்தை காட்டப்போகும் அதே திடலில்தான் வந்து உட்கார்ந்தார்கள். ஊரார் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த மாதமே போலி ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்தது. படையினரைத் துனீசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மறுபடி ஒயின் தேங்குகிறது, குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். 2024-இல் கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசே அறிவித்தது. நான் நடக்கும் வழியில் முழங்கால் உயரக் கரிஞான் ரகத் திராட்சைக் கொடிகள், கம்பி கட்டாமல் புதராக வளர்த்த பழைய கொடிகள், வேரோடு குவிந்து கிடக்கின்றன. அடித்தண்டு கறுத்து முறுக்கி, ஒவ்வோர் ஆண்டும் கத்தரித்த இடம் ஒவ்வொன்றும் தழும்பாகத் தெரியும். தாத்தா நட்டது என்று தோட்டக்காரர் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. எஞ்சிய தோட்டங்களுக்கு மழை போதாமல், ரோன் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிறார்கள். அந்தத் திட்டத்துக்கு அக்வா தொமீசியா என்று பெயர். அதை நீ பார்த்துவிட்டு உன் கருத்தைச் சொல். எனக்கு இது ஒரு பக்கம் நம்பிக்கையாகவும் ஒரு பக்கம் பயமாகவும் இருக்கிறது.

நேரம் கிடைத்தால் மினேர்வ் போகலாம். பாறை முனையில் நிற்கும் கிராமம், கீழே கோடையில் வறண்ட ஆறு பாறையைக் குடைந்துகொண்டு போன வழியில் நடக்கலாம். 1210-இல் அங்கே முற்றுகை போட்ட அதே சிலுவைப் படையினர் கவண் எந்திரத்தால் கிணற்றை உடைத்தார்கள். தாகத்தில் ஊர் பணிந்தது. தங்கள் சமயத்தைக் கைவிட மறுத்த 140 கத்தார்களை எரித்தார்கள். ஆனால் அங்கே இறக்கம் அதிகம், உன் கால் என்ன சொல்கிறது என்று பார்த்து முடிவு செய்வோம்.

செப்டம்பர் கடைசி வாரம் வாருங்கள். வெயில் தணிந்திருக்கும், படகுகளும் ஓடிக்கொண்டிருக்கும். திராட்சையில் பெரும்பாலும் அறுத்து முடித்திருப்பார்கள், இப்போதெல்லாம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. வடமேற்கிலிருந்து திராமோந்தான் காற்று அடித்தால் நாள்கணக்கில் விடாது, அதனால் காதை மூடும் குல்லா ஒன்று கொண்டு வா. அடிப்பகுதி மெத்தென்ற ஷூ போதும், மலையேறும் பூட்ஸ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களுக்குள் நடக்க மாட்டோம், காட்டுப்பன்றி வேட்டைக்குத் துப்பாக்கியோடு வந்துவிடுவார்கள். கால்வாய்க் கரையிலேயே இருப்போம்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் இங்கே நகராட்சியில் வாங்க வேண்டும், கொஞ்சம் நாளாகும். உங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட் நகலையும் இந்த வாரமே அனுப்பி வை. தங்கச்சி ஊறுகாய் கொண்டுவருவதாக இருந்தால் நார்த்தங்காய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்