இடது கை பிரேக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

லோரியானிலிருந்து அப்பா எழுதுவது. தம்பி போனில் உன்னிடம் உளறிவிட்டான் என்று நேற்று ராத்திரிதான் தெரிந்தது. "அப்பா ஆத்தங்கரையில விழுந்துட்டாரு" என்று அவன் சொன்னதை நீ "ஆத்துல விழுந்துட்டாரு" என்று எடுத்துக்கொண்டு, மாண்ட்ரியலில் அந்த நேரத்தில் விடியக்கூட இல்லை, அம்மாவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாய். நான் ஆற்றுக்குள் விழவில்லை. கரையில்தான் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது, மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு சரியாக இருக்கிறது. சைக்கிளை விற்றுவிடு, வீட்டுக்குள் மிதிக்கிற சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னதை அப்புறம் பேசுவோம்.

உன்னிடம் மறைத்தது தப்புதான். ஆனால் எப்படி விழுந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒருவர் நாயோடு நடந்து வந்துகொண்டிருந்தார். நாய் குறுக்கே பாய்ந்தது, கயிறு பாதையின் நடுவே இறுகிவிட்டது. நான் சட்டென்று இடது கை பிரேக்கைப் பிடித்தேன். நம் ஊர் சைக்கிளில் இடது கை பின்சக்கரம், வலது கை முன்சக்கரம். இங்கே பிரான்ஸில் அதற்கு நேர்மாறு. அது எனக்குத் தெரியாதா? சைக்கிள் வாங்கிய அன்றே கடைக்காரன் சொன்னான், நானும் தலையாட்டினேன். ஆனால் பதினேழு வயது வரை புதுச்சேரி வீதிகளில் ஓட்டிய கை அது. இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும், சைக்கிளைத் தொட்டது ரிட்டயர் ஆன பிறகுதானே? பயந்த நேரத்தில் கை பழைய பாடத்தைத்தான் ஒப்பித்தது. முன்சக்கரம் சரளையில் வழுக்கி, நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். நாய் வந்து முகத்தை நக்கியது. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த முதலுதவி.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்து வைத்திருந்தேன். நம் ஊரில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே போகவில்லை என்றால்தான் திருப்தி. சரளைப் பாதைக்கு அது ஆகாது. இந்த சைக்கிளின் டயர் நாற்பது மில்லிமீட்டர் அகலம். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லின் மேல் பரவி உட்காரும், பிடிப்பும் கிடைக்கும், மணிக்கட்டுக்கும் அதிர்வு வராது. காற்று அதிகமானால் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். இப்போது குறைத்துவிட்டேன். பிரேக் கம்பியையும் மாற்றிப் பூட்டித் தரச் சொல்லிவிட்டேன். இனி என் சைக்கிளில் இடது கைதான் பின்சக்கரம். கடைக்காரன் ஒரு மாதிரி பார்த்தான், பார்க்கட்டும்.

சரி, இனி பாதையைப் பற்றிச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் முடித்ததுமே கிளம்பிவிட்டாய், எங்களோடு கடற்கரைக்கு வந்திருக்கிறாயே தவிர உள்ளே பிளவே ஆற்றை மேலேறிப் பார்த்ததில்லை. போந்திவி ஊரிலிருந்து கீழே என்போன் ஊர் வரைக்கும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஆற்றை ஒட்டியே ஒரு பாதை. அதில் கார் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது. மதகு பார்க்கிற ஆட்களின் வண்டி எப்போதாவது வரும், அவ்வளவுதான். நடப்பவர்களுக்கு முதல் வழி, சைக்கிள்காரன் வேகம் குறைத்து ஒதுங்க வேண்டும். நான் ஒதுங்கியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

கார் போவதற்காகப் போட்ட பாதையே அல்ல அது. படகு இழுப்பதற்காகப் போட்டது. கரையில் குதிரை நடக்கும், இல்லையென்றால் மனிதனே தோளில் பட்டை மாட்டிக்கொண்டு சரக்குப் படகை இழுப்பான், அவன் பெண்டாட்டியும் சேர்ந்து இழுத்திருக்கிறாள். இழுக்கிறவனுக்கு மேடு இருக்கக்கூடாது, அதனால்தான் பாதை இத்தனை சமமாக இருக்கிறது. என் அறுபத்தேழு வயது முழங்கால் இதில் ஓடுவதற்கு அவர்கள் தோள்தான் காரணம் என்று சில நாள் தோன்றும்.

இந்த ஆற்றைக் கால்வாயாக்கும் வேலையை நெப்போலியன் காலத்தில் தொடங்கி 1825இல் முடித்தார்கள். கடலில் இங்கிலீஷ்காரன் கப்பலை மறித்துக்கொண்டு நின்றான், அதனால் உள்நாட்டு வழியாகவே துறைமுகங்களுக்குச் சரக்கு போக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். போந்திவிக்கே நெப்போலியன்வில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ராஜா மாறினால் பெயரும் மாறும், திரும்பவும் வைப்பார்கள். 1870க்குப் பிறகு போந்திவி என்றே நிலைத்துவிட்டது. நம் ஊர் தெருப் பெயர்ப்பலகைகள் ஞாபகம் வருகிறதா?

இந்தத் தூரத்துக்குள் இருபத்தெட்டு லாக். இரண்டு கதவுக்கு நடுவே படகை அடைத்து, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு விடுகிற தொட்டி. பக்கத்திலேயே ஒரு கலிங்கு, மிச்சத் தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓடும். அந்தச் சத்தம் வளைவு திரும்புவதற்கு முன்பே கேட்கும், "அடுத்த லாக் வந்துவிட்டது, உட்காரலாம்" என்று கால் தானாகச் சொல்லும். ஒரு லாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீர் அசையாமல் கிடக்கும். நாரை ஒற்றைக்காலில் நிற்கும். மீன்கொத்தியை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன், நீலக்கோடு மாதிரி போய்விட்டது. நீர்நாய் இருக்கிறது என்கிறார்கள், எனக்கு இன்னும் காட்சி தரவில்லை.

ஆற்றோட்டத்தோடு என்போன் பக்கம் வருவது இறக்கம்தானே என்று நினைப்பாய். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காது, காலுக்குத் தெரியாது. காலுக்குத் தெரிவது காற்றுதான். கடலிலிருந்து தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்குக்குள் ஏறி வரும்போது இறக்கமும் மேடுதான். அதனால் நான் காலையில் மேலே போனால் சாயங்காலம் வரை இருக்க மாட்டேன், சாப்பாட்டுக்கு முன்பே திரும்பிவிடுவேன்.

சேன் நிக்கோலா தேசோ கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை, அதன் அடியில் ஒட்டினாற்போல் ஒரு சின்னத் தேவாலயம், சேன் ஜில்தா என்ற துறவியின் பெயரில். உள்ளே தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற கல் ஒன்று உண்டு. அம்மாவைக் கூட்டிப் போனபோது, "நம்ம ஊர்ல இசைத்தூணே இருக்கே" என்றாள், ஆனால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். அவளுக்கு என் மேல் பெரிய கோபம் தண்ணீர் விஷயத்தில்தான். வழியில் கடை கிடையாது, குடிதண்ணீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் பிடித்துக்கொள்வது இங்கே சைக்கிள்காரர்களின் வழக்கம். குடிக்கக்கூடாது என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். "சுடுகாட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டு வீட்டுக்குள்ள வராதீங்க" என்கிறாள். குளித்துவிட்டுத்தான் வருகிறேன்.

கீழே லோக்ரிஸ்ட் வந்தால் பழைய இரும்பாலை. 1860இல் தொடங்கி 1966 வரை ஓடியது. இந்தக் கடற்கரையின் சார்டின் மீன் டப்பாக்களுக்கு வேண்டிய தகரத் தகடு இங்கேதான் செய்தார்கள். இன்றைக்கு அங்கே மியூசியம். என்போன் தாண்டினால் கடலின் ஏற்றவற்றம் தொடங்கிவிடும், பிளவே அப்படியே லோரியான் முகத்துவாரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அதன் வாயில் போர் லூயி கோட்டை, உள்ளே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மியூசியம். போன வாரம் கட்டுக் கையோடு அங்கே போனேன். நம் கடற்கரைத் துணிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். 1734 முதல் அந்தத் துணிகள் லோரியானில்தான் ஏலம் போயின. இந்த ஊரே அந்த வியாபாரத்துக்காகப் பிறந்தது, பெயருக்கே "கிழக்கு" என்றுதான் அர்த்தம். புதுச்சேரியிலிருந்து வேலை தேடி இங்கே வந்தபோது யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் துணி எனக்கு இருநூற்றைம்பது வருடம் முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் வீட்டுக்குள் நிறுத்திவைத்து மிதிக்கிற சைக்கிளில் எப்படிப் பார்ப்பது, சொல். நீ வாங்கித் தருகிறேன் என்று சொன்னதற்கு நன்றி, வேண்டாம். தனியாகப் போவதுதான் உன் பயம் என்றால் அதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் பக்கத்து வீட்டுக்காரரோடு மட்டும் போகிறேன், அவருக்கு எழுபத்தொன்று, என்னைவிட வேகம். போனை முழு சார்ஜோடு வைத்துக்கொள்கிறேன். மழை பெய்த மறுநாள் போக மாட்டேன், ஈர இலை சரளையை விட மோசம்.

பதிலுக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். ஜூலையில் வரும்போது மூன்று நாள் எனக்கென்று ஒதுக்கு. போந்திவியில் தொடங்கலாம், ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் போதும். உன் ஒன்பது வயதுப் பையனே ஓட்டக்கூடிய பாதையில்தான் உன் அப்பா ஓட்டுகிறார் என்று கண்ணால் பார்த்தால் நீயும் தூங்குவாய். வாடகைக்கு எடுக்கக் கடையில் பெயர் கொடுக்க வேண்டும், ஜூலையில் கூட்டம் அதிகம். பையனின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து உடனே அனுப்பு, செருப்பு போடாமல் அளந்து பார். அவனுக்கு எந்தக் கை எந்த பிரேக் என்பதையும் கேட்டு எழுது.

அப்பா