நல்லாட்டத்துக்கும் பரிசு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டி என்று வந்துவிட்டால் வென்றவருக்குத்தான் பரிசு, நடத்தைக்கெல்லாம் பரிசு கொடுப்பது வீண் சடங்கு என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வசித்து, மேசைப் போர் விளையாட்டின் நட்புமுறைப் போட்டிகளில் கலந்துகொண்டு வருபவன் என்ற முறையில், அக்கருத்தை நான் ஏற்கவில்லை.

1983-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட வார்ஹேமர்தான் நாங்கள் ஆடுவது. ஆறடிக்கு நான்கடி மேசையின்மேல் குன்றுகளும் மரங்களும் அமைத்து, குள்ளர், எல்ஃப், ஓர்க் என்ற கற்பனை இனங்களாக நாமே வண்ணம் தீட்டிய சிறு பொம்மைப் படைகளை எதிரெதிரே நிறுத்தி, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போரிடுகிறோம். 2015-இல் அந்நிறுவனம் இந்த ஆட்டத்தைக் கைவிட்ட பிறகும், 2024-இல் அதன் கதைக்களமான 'பழைய உலகம்' புதிய விதிகளுடன் திரும்பி வரும் வரை, பழைய விதிநூல்களைக் கொண்டே போட்டி நடத்தி அதைக் காப்பாற்றியவர்கள் ஆட்டக்காரர்கள்தாம்.

இதில் மேசைக்கு ஒரு நடுவர் கிடையாது. கூடம் முழுவதற்கும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அவர்களை அழைப்பதும் அபூர்வம். குதிரைப்படை எதிரியை எட்டுமா, மரத்துக்குப் பின்னால் நிற்கும் வில்லாளியின் கண்ணுக்கு இலக்கு தெரியுமா, குன்றின் சரிவில் சாய்ந்து நின்றுவிட்ட பகடையை மறுபடி உருட்ட வேண்டுமா என்பதையெல்லாம் மோதிக்கொள்ளும் இருவரே பேசி முடிவு செய்கிறார்கள். யாராவது அழுகுணி ஆட்டம் ஆடினால் தடுக்க ஆளில்லை. எதிரில் நிற்பவரின் அரை நாள் பாழாவதுதான் மிச்சம்.

அண்மையில் ஒரு போட்டியில் பக்கத்து மேசையில் கண்டதைச் சொல்கிறேன். கைகலப்பின் முடிவைக் கணக்கிடும்போது, தன் படைக்குக் கொடி இருப்பதால் கிடைக்கும் ஒரு புள்ளியைச் சேர்க்க ஓர் இளைஞர் மறந்துவிட்டார். எதிரே ஆடிய பெண்மணி, "உங்கள் கொடியை விட்டுவிட்டீர்களே" என்று தாமே எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு புள்ளியில் பெண்மணியின் ஈட்டிப் படை தோற்று, அது நிலைத்து நிற்குமா என்று அடுத்து உருட்டிய பகடையும் கைவிட, மேசை விளிம்பைத் தாண்டி ஓடியது. அதோடு ஆட்டமும் போயிற்று. வெற்றியை மட்டும் எண்ணும் பட்டியலில் அந்தப் பெண்மணியின் பெயருக்கு நேரே தோல்வி என்றுதான் இருக்கும். அவருக்கு வேறொரு பரிசு இருப்பதை வீண் சடங்கு என்று எப்படிச் சொல்வது?

அந்த வாசகரின் கருத்தில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. எதிராளியின் நடத்தைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடச் சொன்னால், தோற்ற எரிச்சலில் பூச்சியம் போடுபவரும், நண்பருக்குப் பத்து போடுபவரும் இருக்கத்தான் செய்வார்கள். அந்த எண்ணிக்கை தரவரிசையிலும் சேர்ந்துவிட்டால் நியாயமாக வென்றவர்கூடக் கீழே போய்விடலாம். எனவே மதிப்பெண் வேண்டாம், வாக்குப் போதும் என்பதே என் கருத்து. அன்று தம்முடன் ஆடியவர்களுள் மீண்டும் யாருடன் ஆட விரும்புகிறாரோ, அந்த ஒரு பெயரை ஒவ்வொருவரும் சீட்டில் எழுதித் தரட்டும். இதனால் ஒருவரைத் தூக்கிவிடலாமே தவிர எவரையும் கீழே தள்ள முடியாது.

1895-இல் சூரிச் நகரின் சதுரங்கப் போட்டியில் கையாளப்பட்ட சுவிஸ் முறையையே நாங்களும் பின்பற்றுகிறோம். முதல் சுற்றில் தோற்றவர் வெளியேறுவதில்லை. தம்மைப் போலவே தோற்ற ஒருவருடன் அடுத்த சுற்றில் ஆடுகிறார். மாலை வரை எல்லோரும் மேசையில்தான் இருக்கிறார்கள். கோப்பை கைக்கு எட்டாது என்று தெரிந்த பிறகும் கடைசிச் சுற்றை முகம் சுளிக்காமல் ஆடுபவர்கள் இருப்பதால்தான் புதியவர்கள் அடுத்த ஆண்டும் வருகிறார்கள். போட்டி நடத்துவோர் படைப்பட்டியலைக் கேட்டு அனுப்பும் முதல் அறிவிப்பிலேயே, வெற்றிக் கோப்பைக்கும் வண்ணம் தீட்டலுக்கான பரிசுக்கும் பக்கத்தில் இந்த வாக்கையும் குறிப்பிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாட்டிங்ஹாம், இங்கிலாந்து