படம் முடிந்த பின் தொடங்கும் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு அறிவியல் வரலாற்றைக் கற்பிக்க, அறிவியலாளர்களின் வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படங்களைப் பயன்படுத்துவதை மனமார வரவேற்கிறேன்; ஆனால், படம் முடிந்ததும் வகுப்பும் முடிந்துவிடக் கூடாது. 2014இல் வெளிவந்த 'தி இமிடேஷன் கேம்' படத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ரகசியச் செய்திகளுக்குப் பயன்படுத்திய எனிக்மா கருவியின் மறைகுறியீட்டை உடைக்கும் இயந்திரம், ஏறத்தாழ பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங் என்ற தனிமனிதரின் படைப்பாகவே காட்டப்படுகிறது. உண்மையில், மரியான் ரெயெவ்ஸ்கி முதலிய போலந்துக் கணிதவியலாளர்கள் 1932ஆம் ஆண்டு இறுதியிலேயே எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணித வழியில் கண்டறியத் தொடங்கி, 1939 ஜூலையில் தங்கள் முறைகளைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வெளிப்படுத்தினர். டூரிங்கின் இயந்திர வடிவமைப்பையும் அவருடன் பணியாற்றிய கணிதவியலாளர் கார்டன் வெல்ச்மன் பின்னர் மேம்படுத்தினார். படத்துக்கும் வரலாற்றுக்கும் உள்ள இந்த இடைவெளியை மாணவர்களே தேடிக் கண்டறியும்போதுதான், அறிவியல் பலரது உழைப்பால் வளர்கிறது என்பது அவர்களுக்கு விளங்கும். விரிவுரையால் மட்டும் அதை உணர்த்துவது கடினம். ஆகவே, படம் பார்க்க ஒதுக்கும் அளவு நேரத்தையேனும் பாடத்திட்டம் அந்தத் தேடலுக்கும் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்